பெயர் வைக்கும் முன் ஆபத்தைப் பாருங்கள்: ஆரம்ப சுகாதாரப் பணிக்கு வரும் புதிய செவிலியருக்கு

பயிற்சி முடித்து முதல் முறையாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரும்போது பெரும்பாலானோருக்கு ஒரே பயம்தான்: "வந்தவருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டால்?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இத்தனை வருட வேலைக்குப் பிறகு சொல்கிறேன், அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, "இவரை இன்று வீட்டுக்கு அனுப்பலாமா?" என்பது. சாதாரணச் சளியா, நிமோனியாவா என்று பெயர் வைப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஆபத்தில் இருப்பவரைத் தவறவிட்டால் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்தைச் செவிலியர் தானே தரலாம், எதற்கு மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் நிலையத்தின் சிகிச்சை நெறிமுறையைக் கேட்டு வாங்கி, அந்த எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே வருவதெல்லாம் அந்த எல்லைக்குள் நின்று செய்ய வேண்டியது.

கதவருகிலேயே பார்வை தொடங்கட்டும்

நோயாளி நாற்காலியில் உட்காரும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசுகிறாரா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறாரா? முகம் வெளிறி வியர்த்திருக்கிறதா? குழந்தை என்றால், அம்மாவின் தோளில் சுற்றிலும் வேடிக்கை பார்க்கிறதா, துவண்டு கிடக்கிறதா?

வரிசையில் நிற்க வைக்கக்கூடாதவர்கள் சிலர் உண்டு. நெஞ்சு வலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். வலி கைக்கோ தாடைக்கோ பரவும் என்று படித்திருப்போம். ஆனால் சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோரில் சிலருக்கு நெஞ்சு வலியே இருக்காது. மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல், மேல்வயிற்றில் ஒரு சங்கடம் என்று மட்டும் சொல்வார்கள். "வாயுத் தொந்தரவுதான்" என்று அவர்களே சொன்னாலும் ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது: இந்த மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று கூட வந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். அங்கே தரப்போகும் சிகிச்சையை அந்த நேரம்தான் முடிவு செய்யும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையும் பாருங்கள், சர்க்கரை தாழ்ந்தாலும் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே தெரியும்.

இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு நான்கு ஆபத்து அறிகுறிகளை மனப்பாடமாக வைத்திருங்கள்: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, அசந்து மயங்கிக் கிடப்பது. இதில் ஒன்று இருந்தாலும் என்ன நோய் என்று தேடிக்கொண்டிருக்காமல் மேல்சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கர்ப்பிணிக்குக் கடுமையான தலைவலியோ, பார்வை மங்கலோ, ரத்தப்போக்கோ இருந்தாலும் அப்படித்தான்.

மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள்

அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது மூச்சு எண்ணிக்கைதான். எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று எழுதி வைத்திருக்கும் நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மனம் கனத்துப் போகும். நோய் முற்றுவதை மிக முன்னதாகக் காட்டும் எண்களில் அதுவும் ஒன்று.

எட்டு மாதக் குழந்தையோடு ஒரு தாய் வந்தார். "வெறும் சளிதான் சிஸ்டர், மருந்து மட்டும் குடுங்க போதும்." குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, சட்டையை மெதுவாக மேலே தூக்கிவிட்டு, கடிகாரத்தைக் குழந்தையின் வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எண்ணினேன். முதல் அரை நிமிடத்தில் 24. முழு நிமிடம் முடியும்போது 56. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோது, மூச்சு உள்ளே போகிற ஒவ்வொரு முறையும் கீழ் விலா எலும்புக்கு அடியில் மார்பு குழிந்து போவது தெரிந்தது. எப்போது பால் குடித்தது என்று கேட்டேன். "காலையிலேர்ந்து வாயே வைக்க மாட்டேங்குது." அந்த ஒரு பதிலோடு அது மேல்சிகிச்சைக்குப் போக வேண்டிய குழந்தை ஆகிவிட்டது.

குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது, அதனால்தான் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள் இவை: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது மேல் இருந்தால் வேகமான மூச்சு. பச்சிளம் குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பார்த்து உறுதி செய்யுங்கள். குழந்தை அழும்போது வரும் எண் எதற்கும் உதவாது. அமைதியாகும் வரை காத்திருங்கள்.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25 என்றால் ஏதோ நடக்கிறது. நீங்கள் எண்ணுவது தெரிந்தால் அவர்கள் மூச்சை மாற்றிக்கொள்வார்கள். அதனால் நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள்.

பிரஷர்: அளப்பதில்தான் பாதி சிகிச்சை

புதிதாக வந்திருந்த காலத்தில், பருத்த கை உள்ள ஒருவருக்குச் சாதாரண கஃப்பையே (கையில் சுற்றும் பட்டை) இழுத்துக் கட்டி அளந்தேன். மேல் அளவு 158 வந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தபோது மூத்த செவிலியர் ஒருவர் பெரிய கஃப்பை எடுத்துத் தந்தார். 132. நடுவில் அந்த இரண்டு வாரமும் அந்த மனிதர் சரியாகத் தூங்கவில்லை. சிறிய கஃப் அளவை ஏற்றிக் காட்டும் என்பதை அதன்பிறகு நான் மறந்ததே இல்லை. கஃப்புக்குள் இருக்கும் காற்றுப் பை, கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும்.

சரி, முறையாக அளப்பது எப்படி? முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை, வேகமான நடை எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். சட்டைக் கையின் மேல் கட்டாதீர்கள். கை இதயத்தின் உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும், தொங்கக் கூடாது. அளக்கும்போது அவரும் பேச வேண்டாம், நீங்களும் கேள்வி கேட்க வேண்டாம். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளங்கள். முதல் வருகையில் இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையையே இனி பயன்படுத்துவதாகக் குறித்து வையுங்கள்.

இரண்டு வெவ்வேறு நாட்களில் மேல் அளவு 140-ஓ கீழ் அளவு 90-ஓ, அல்லது அதற்கு மேலோ இருந்தால்தான் பொதுவாக உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குழப்பம், பார்வை மங்கல், கை கால் பலவீனம் இருந்தால் அது அவசரநிலை. அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் அவ்வளவு இருந்தால் ஓய்வெடுக்க வைத்துத் திரும்ப அளந்து, அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அங்கேயே சட்டென்று இறக்கிவிட முயல வேண்டாம். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைக்கும் பழைய பழக்கத்தை எங்காவது பார்த்தால் பின்பற்றாதீர்கள். அழுத்தம் திடீரென விழுந்து பக்கவாதமே வந்துவிடலாம்.

மாத்திரை தொடங்கிய பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லாருக்கும் விடுறதுதான்" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும். அப்புறம் ஏன் விட்டது என்று கேளுங்கள். எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். நோயாளி அதைப் பக்கவிளைவு என்று அறியாமல் தானாக நிறுத்தியிருப்பார். மருந்தை மாற்ற முடியும் என்று தெரிந்தாலே பலர் திரும்பி வந்துவிடுவார்கள். எனலாபிரில் வகையைக் கர்ப்பத்தில் தரக்கூடாது; எனவே குழந்தை பெறும் வயதுள்ள பெண்களிடம் அந்தத் திட்டம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும்.

சர்க்கரை: எண்ணும் காலும்

குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து எடுத்த ரத்தத்தில் 126 மில்லிகிராம் அல்லது மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது மேல் என்றால் நீரிழிவு. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு ஒரே பரிசோதனையை வைத்து முடிவு சொல்லாதீர்கள், இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். விரலில் குத்துவதற்கு முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். பழம் உரித்த கையில் குத்தினால் எண் வீணாக ஏறிக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு.

நீங்கள் பயப்பட வேண்டியது தாழ்ந்த சர்க்கரைக்குத்தான். 70-க்குக் கீழே போய்விட்டால், நினைவோடு இருப்பவருக்கு உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அவருக்கு நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்) அல்லது சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசிதான். சர்க்கரை மிக ஏறி, வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேக மூச்சு என்று வந்தால் அதுவும் தாமதிக்கக் கூடாத நிலை. காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை என்று இன்சுலினைத் தாங்களாகவே அடியோடு நிறுத்திவிடுபவர்கள் இப்படித்தான் வந்து சேர்வார்கள்.

ஒவ்வொரு வருகையிலும் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். உணர்ச்சி போன காலில் முள் இருந்தாலும் நோயாளிக்குத் தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள், குதிகாலைத் திருப்பிப் பாருங்கள். பிறகு நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையை அது வளையும் வரை தோலில் அழுத்தி, "படுகிறதா?" என்று கேளுங்கள். உண்மையில் தொடாமலேயே சில முறை கேட்பது நல்லது. சிலர் நம்மைத் திருப்திப்படுத்தவே "ஆமாம்" என்பார்கள்.

காய்ச்சல், இருமல், தொண்டை

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் இருந்தாலே மருத்துவர் பார்க்க வேண்டும். கழுத்து இறுக்கம் உள்ளவரும், அழுத்தினாலும் நிறம் மங்காத சிவப்புப் புள்ளிகள் உள்ளவரும் உடனே போக வேண்டியவர்கள். மற்றபடி காய்ச்சலில் நாம் செய்கிற தவறு பெரும்பாலும் மருந்தின் அளவில்தான் நடக்கிறது.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். வேளைக்கு வேளை 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு 15 வீதம் 180 மில்லிகிராம் வரும். 5 மில்லியில் 120 உள்ள சிரப் என்றால் அது 7.5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3.6 மில்லிதான். ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் வெறும் 1.8 மில்லி. பாட்டில்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வீட்டில் இருக்கும் பாட்டிலை எடுத்து வரச் சொல்லி, லேபிளைப் படித்து, மூடியிலோ சிரிஞ்சிலோ கோடு போட்டுக் காட்டுங்கள். "ஒரு மூடி குடுங்க" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கிடையவே கிடையாது.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல் இருந்து, டான்சிலில் வெள்ளைப் படலம் இருந்து, கழுத்தின் முன்பக்க நெறிகள் தொட்டால் வலித்து, இருமல் மட்டும் இல்லாமல் இருந்தால் பாக்டீரியாவின் சாத்தியம் கூடுகிறது. அப்போது மருத்துவரைக் கேளுங்கள். வாயைத் திறக்க முடியாதவர், எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பவர், மூச்சு இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும் குழந்தை, இவர்களின் வாய்க்குள் குச்சியை விட்டுப் பார்க்காதீர்கள், மூச்சுப் பாதை முழுதாக அடைத்துவிடக்கூடும். அப்படியே உட்கார்ந்த நிலையில் அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமலுக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை.

ஆஸ்துமாக்காரர் "மருந்து கேட்கவே இல்லை" என்றால் மருந்தைக் கூட்டும் முன் இன்ஹேலரை அவர் கையில் கொடுத்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள். குலுக்காமல் அடிப்பவர், மூக்கால் இழுப்பவர், அழுத்திவிட்டு அப்புறம் இழுப்பவர், எல்லாரையும் பார்ப்பீர்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கும்போது அழுத்தி, 10 நொடி அடக்க வேண்டும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் இருந்தால் எல்லா வயதினருக்கும் எளிது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். வாக்கியமாகப் பேச முடியாத அளவு திணறுபவர் கடும் நிலையில் இருக்கிறார். ஸ்டெதஸ்கோப்பில் வீசிங் சத்தமே கேட்காமல் மார்பு அமைதியாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள், காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

வயிற்றுப்போக்கு: கரைசலை நம்புங்கள்

1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழி திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். கரைசலைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். இறப்பு விகிதம் 30 சதவீத அளவிலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. "வெறும் தண்ணிதானே" என்று யாராவது இந்தக் கரைசலை, அதாவது ஓஆர்எஸ்ஸை, ஒதுக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

நீர் இழப்பைப் பார்க்க, தொப்புளுக்கும் வயிற்றின் பக்கவாட்டுக்கும் நடுவில் தோலைப் பிடித்து இழுத்து விடுங்கள். மெதுவாகத் திரும்புவது, கண் குழிவது, சிடுசிடுப்பு, ஆவலாகக் குடிப்பது, இவற்றில் இரண்டு இருந்தால் ஓரளவு நீர் இழப்பு: கிலோவுக்கு 75 மில்லி வீதம் கரைசலை நான்கு மணி நேரத்தில் உங்கள் கண்முன்னே குடிக்க வையுங்கள். 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மெதுவாகத் தொடருங்கள். தோல் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகிறது, கண் குழிந்திருக்கிறது, குழந்தை மயங்கிக் கிடக்கிறது, குடிக்க முடியவில்லை என்றால் நரம்பு வழி திரவம் உடனே தேவை. ஊட்டச்சத்து மிகக் குறைந்த குழந்தையின் தோல் நீர் இழப்பு இல்லாமலே மெதுவாகத்தான் திரும்பும், அதை மறக்க வேண்டாம்.

நீர் இழப்பு இல்லாத குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம்: ஒவ்வொரு முறை வயிற்றால் போனதும் கரைசல் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதி பாக்கெட் என்று கண்ணளவில் போடக்கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். தாய்ப்பாலும் சாப்பாடும் நிற்கக் கூடாது. துத்தநாகம் நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குள் என்றால் 10, மொத்தம் 10 முதல் 14 நாள். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் மருத்துவரிடம். போக்கை நிறுத்தும் லோபெராமைடு சிறு குழந்தைகளுக்கு வேண்டாம்.

மற்ற சில, சுருக்கமாக

சிறுநீர் எரிச்சலோடு குளிர் காய்ச்சல், விலாப் பக்க வலி, வாந்தி சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். கர்ப்பிணி, ஆண், குழந்தை என்றால் சாதாரணத் தொற்று என்று விடாமல் சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பி மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதுகு வலிக்கு இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்: சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா? துடைக்கும்போது அந்த இடம் மரத்திருக்கிறதா? ஆம் என்றால் நரம்புக் கற்றை நசுங்குகிறது, அன்றே அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலான முதுகு வலிக்கு எக்ஸ்ரேயும் வேண்டாம், படுக்கை ஓய்வும் வேண்டாம்; நடமாடச் சொல்லுங்கள்.

இரவில் கூடும் அரிப்பும் விரல் இடுக்கில் பொரியும் இருந்தால் சொறி என்று நினையுங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் சிகிச்சை செய்யாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு போட்டவர்கள் நிறைய வருவார்கள். முதலில் அரிப்பு அடங்கும், பிறகு உருவமே மாறிப் பரவும். என்ன களிம்பு போட்டார் என்று டியூபைக் காட்டச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன், அழைக்கும் முன்

வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவரிடமும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள். நாம் விளக்கியதில் எது ஒட்டவில்லை என்பது அப்போதுதான் தெரியும். அப்புறம், எப்போது திரும்பி வர வேண்டும் என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "சரியாகலன்னா வாங்க" என்றால் ஒருவருக்கு நாளை, இன்னொருவருக்குப் பத்து நாள். "ராத்திரி மூச்சு வேகமானா, பால் குடிக்கலன்னா, நேரம் பார்க்காம வாங்க, ஒண்ணும் இல்லன்னாலும் ரெண்டு நாள்ல ஒரு தடவை காட்டுங்க" என்று சொல்லி, அதே வார்த்தையில் சீட்டிலும் எழுதுங்கள்.

மருத்துவரை அழைக்கும்போது கதையாகத் தொடங்காதீர்கள். யார், என்ன பிரச்சினை, பின்னணி, அளந்த எண்கள், உங்களுக்கு என்ன வேண்டும், இந்த வரிசையில் பேசுங்கள். அந்த எட்டு மாதக் குழந்தைக்காக நான் பேசியது இவ்வளவுதான்: "டாக்டர், எட்டு மாதக் குழந்தை, நிமோனியா சந்தேகம். மூன்று நாளாக இருமல், காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. மூச்சு 56, மார்பு உள்ளிழுக்கிறது, ஆக்ஸிஜன் அளவு 89. ஆக்ஸிஜன் தொடங்கிவிட்டேன். முதல் டோஸ் ஊசி போட்டு அனுப்பட்டுமா?" அரை நிமிடம்கூட ஆகவில்லை. மறுமுனையில் பதில் வந்ததும் அதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொண்டு, மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் சீட்டில் எழுதி, வண்டியில் ஏறிய தாயின் கையில் கொடுத்தேன்.